தாத்தாவின் சைக்கிளை ஃபிக்ஸட் ஆக்கலாமா?

கேள்வி: நான் சேலத்தில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் தாத்தா ஓட்டிய கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிள் பல வருடமாகத் திண்ணையில் சாத்திக் கிடந்தது. சென்ற மாதம் அதை எடுத்துத் துடைத்து, டயர், டியூப் மாற்றி ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன். கம்பி பிரேக், காட்டர் பின் வைத்த கிராங்க், செயின் கவர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். இதை ஃபிக்ஸட் கியராக மாற்ற எனக்கு ஆசை. எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன், ஃப்ரீவீலுக்கு வெல்டிங் வைத்துவிட்டால் போதும், அரை மணி நேர வேலை என்கிறார். நான் பார்த்த வீடியோக்களில் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, அதே மரையில் ஃபிக்ஸட் பல்சக்கரத்தைப் போட்டு, லாக்டைட் தடவி, அதன்மேல் பாட்டம் பிராக்கெட் ரிங்கை வைத்து இறுக்குகிறார்கள். ஒரு வருடமாக ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டில் எது பாதுகாப்பானது? மாற்றிய பிறகு பிரேக் கம்பிகளைக் கழற்றிவிட்டால் வண்டி இன்னும் அழகாக இருக்கும். கழற்றலாமா?

— ஒரு வாசகர், சேலம்

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரேக்கைக் கழற்றாதீர்கள். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். வெல்டிங்கா, பசையா என்றால், அந்தப் பின்வீலுக்கு இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஃபிக்ஸட் ஓட்டுவதில் உள்ள சுகம் எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக ஒன்று வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காலும் சக்கரமும் ஒன்றாகிவிடுகிற அந்த உணர்வை வேறு எந்த வண்டியும் தருவதில்லை. அது உங்களுக்கு நல்லபடியாகக் கிடைக்க வேண்டும் என்றுதான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சின்னக் குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுற்றினால் பெடல் சுற்றும்; பெடல் நின்றால் சக்கரம் நிற்கும். அதுதான் ஃபிக்ஸட். 1885-இல் இங்கிலாந்தின் காவன்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளிலிருந்துதான் நம் சைக்கிள்களின் வடிவம் வந்தது. அதுவும் இப்படித்தான் ஓடியது. அந்தக் காலத்து வண்டிகளில் முன் ஃபோர்க்கின் இருபுறமும் சிறிய கால்தாங்கிகள் இருக்கும். இறக்கத்தில் பெடல் சுற்றும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் காலைத் தூக்கி அதில் வைத்துக்கொள்வார்கள். 1900-ஐ ஒட்டி ஃப்ரீவீல் பரவியதும் அந்தத் தாங்கிகள் காணாமல் போயின.

ஃப்ரீவீலுக்குள் சிறிய நாக்குகள் இருக்கின்றன. நீங்கள் மிதிக்கும்போது அவை உள்பற்களில் மாட்டி வீலைத் தள்ளும். மிதிக்காமல் விட்டால் பற்களின்மேல் தாவித் தாவிப் போகும். டிக் டிக் என்று கேட்கும் சத்தம் அதுதான். இந்த ஃப்ரீவீல் ஹப்பின் வலப்பக்கத்தில் ஒரு மரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த மரையின் விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஆங்கிலேயர் வகுத்த அளவு. பாட்டம் பிராக்கெட்டுக்கு உலகமெங்கும் பிஎஸ்ஏ மரை என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அதற்கும் இதே அளவுதான். பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனியின் பெயர் பிஎஸ்ஏ. 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், ஹெர்குலிஸோடு பிஎஸ்ஏ பெயரிலும் வண்டி செய்ததால் நம் ஊரில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. நீங்கள் வீடியோவில் பார்த்த வித்தை இந்த ஒற்றுமையால்தான் நடக்கிறது. பாட்டம் பிராக்கெட் ரிங் ஹப் மரையில் ஏறும் என்பதற்காகப் போடுகிறார்களே தவிர, அந்த வேலைக்கென்று செய்த ரிங் இல்லை அது.

இனி மரையின் திசைக்கு வருவோம். ஹப்பில் இருப்பது வலமரை. வலப்பக்கம் நின்று பார்த்தால், நீங்கள் முன்னோக்கி மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை மரையில் மேலும் இறுக்கும். வருடக்கணக்கில் ஓடிய ஃப்ரீவீலைக் கழற்றக் கடைக்காரர் படுகிற பாட்டைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சுத்தியலால் தட்டி, ஸ்பானர் கைப்பிடியில் குழாயை மாட்டி, இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கும். அதைப் பார்க்கிற எவருக்கும், இவ்வளவு இறுகுகிற மரை எப்படித் தானாகக் கழலும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஃப்ரீவீல் அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் பின்னோக்கிய விசையைச் சந்தித்ததில்லை. நீங்கள் பின்னால் மிதித்தால் அது டிக் டிக் என்று தாவிவிடும், அவ்வளவுதான். அதே மரையில் ஃபிக்ஸட் பல்சக்கரத்தைப் போட்டால் நிலைமை மாறிவிடுகிறது. வேகத்தைக் குறைக்க நீங்கள் பெடலைக் காலால் தடுக்கிற ஒவ்வொரு முறையும், செயின் அந்தப் பல்சக்கரத்தைக் கழற்றும் திசையில் இழுக்கிறது.

ஃபிக்ஸடுக்கென்றே செய்த ஹப்பில் மரை இரண்டு படியாக இருக்கும். உள்படி நம் ஹப்பில் இருக்கும் அதே 1.37 அங்குல வலமரை. பல்சக்கரம் அதில் ஏறும். அதற்கு வெளியே சற்றுச் சிறிய இன்னொரு படி. பெரும்பாலான ஹப்களில் 1.29 அங்குலம். அது இடமரை. லாக்ரிங் என்ற வளையம் அதில் ஏறிப் பல்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும். இடது பெடலைக் கழற்றியிருந்தால் இடமரை உங்களுக்குப் பழக்கம்தான். எல்லா மரையும் கழலும் திசையில் அது இறுகும். பல்சக்கரம் கழல முயன்று நகர்ந்தால் லாக்ரிங்கையும் தன்னோடு அதே திசையில் திருப்பும். லாக்ரிங்குக்கோ அது இறுகும் திசை. ஆக, பல்சக்கரம் எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு பலமாக லாக்ரிங் அதைப் பூட்டும். வலமரை கொண்ட பாட்டம் பிராக்கெட் ரிங்கால் இதைச் செய்யவே முடியாது. பல்சக்கரம் கழல ஆரம்பித்தால், அதுவும் கூடவே சேர்ந்து கழன்று வரும்.

அப்படியானால் வீடியோக்காரர்கள் ஒரு வருடம் ஓட்டியது எப்படி? நீங்கள் இன்ஜினீயரிங் படிப்பதால் கணக்கோடு சொல்கிறேன். 70 கிலோ எடையுள்ளவர் மேட்டில் எழுந்து நின்று முழு எடையையும் ஒரு பெடலில் போடுகிறார் என்று வையுங்கள். கிராங்க் நீளம் 17 சென்டிமீட்டர் என்றால் கிராங்கில் விழும் முறுக்கு ஏறத்தாழ 117 நியூட்டன் மீட்டர். 44-க்கு 18 என்ற உங்கள் பல் விகிதத்தில் பின்பல்சக்கரத்துக்கு அது 48 ஆகக் குறைந்து வந்து சேரும். மேடு ஏற ஏறப் பல்சக்கரம் அந்த அளவுக்கு இறுகியிருக்கும். அன்றாடம் வேகத்தைக் குறைக்க 30, 40 கிலோ அளவில்தான் பெடலைத் தடுப்போம். அது பல்சக்கரத்தில் 20 முதல் 27 நியூட்டன் மீட்டர். இறுகியதைவிடக் கழற்றும் விசை குறைவாக இருப்பதால் உராய்வே பிடித்துக்கொள்கிறது. ஒரு வருடம் ஒன்றும் ஆகாததன் ரகசியம் இவ்வளவுதான்.

ஒரு நாள் சந்துக்குள்ளிருந்து ஒரு குழந்தை ஓடி வருகிறது. அப்போது நீங்கள் 40 கிலோவில் தடுக்க மாட்டீர்கள். உடம்பு முழுவதையும் தூக்கிப் பின்பெடலில் போடுவீர்கள். மறுகால் கிளிப்பில் மாட்டியிருந்தால் அதுவும் மேல்நோக்கி இழுக்கும். அதோடு ஓடிக்கொண்டிருந்த வண்டியின் உதறலும் சேரும். அந்த நொடியில் 48-ஐத் தாண்டுவது எளிது. டயராவது முதலில் வழுக்கி மரையைக் காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. உலர்ந்த தார்ச்சாலையில் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் எடையைத் தாங்கிய பின்டயர், வழுக்குவதற்கு முன் அதைவிட அதிக முறுக்கைத் தாங்கிவிடும். எனவே முதலில் விட்டுக்கொடுப்பது மரையாக இருக்கலாம். தினமும் நன்றாகப் பிடித்துவிட்டு, பிடித்தே ஆக வேண்டிய அந்த ஒரு தடவையில் கைவிடுவதுதான் இந்த ஏற்பாட்டின் குணம். புதிதாகப் போட்ட பல்சக்கரம் இன்னும் மேடு ஏறி இறுகாமல் இருந்தாலோ, மரையில் பழைய கிரீஸ் ஒட்டியிருந்தாலோ அந்த ஒரு தடவை முதல் வாரத்திலேயே வந்துவிடும்.

கழன்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் வேலைக்கு வந்த வண்டிகளில் ஒன்றில் நடந்தது இது. ஓட்டியவர் இருபது வயதுப் பையன். கால் திடீரென்று லேசாகிப் பெடல் பின்னால் சுற்றியது, செயின் அறுந்துவிட்டது என்று நினைத்தேன் என்றான். செயின் அறுந்திருக்கவில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பல்சக்கரம் வெளியே நகர்ந்து, செயின் தொய்ந்து பல்லிலிருந்து விழுந்து, ஹப்புக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பின்வீல் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது. தோள் எலும்பு முறிந்து மூன்று மாதம் அவன் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுத் திரிந்தான். பின்னால் வந்த பஸ் சற்றுத் தள்ளி வந்ததை அவன் அம்மா என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார். கைப்பிரேக் ஒன்றுகூட அந்த வண்டியில் இல்லை.

வெல்டிங் வைப்பது இதைவிட மோசம். அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அவர் சொல்வது ஃப்ரீவீலின் உள்ளுடலையும் வெளியுடலையும் ஒட்டவைப்பது. ஒட்டிவிட்டால் ஃப்ரீவீல் தாவாது, சரி. ஆனால் அது இன்னும் அதே வலமரையில்தான் உட்கார்ந்திருக்கிறது. நான் மேலே சொன்ன எல்லாமே அதற்கும் பொருந்தும். கூடவே புதுப் பிரச்சினைகளும் வருகின்றன. பதம் வைத்த இரும்பை வெல்டிங் சூடு படுத்தினால் ஓரிடம் மெத்தென்றும் பக்கத்து இடம் உடையக்கூடியதாகவும் ஆகிவிடும். வெல்டிங் ஓரத்திலேயே விரிசல் விடும். உள்ளே இருக்கும் கிரீஸும் பால்ரஸ் குண்டுகளும் கருகிவிடும். பல்சக்கரத்தையே ஹப்போடு ஒட்டிவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் கழலாதுதான். ஆனால் பல் தேய்ந்த அன்று ஹப்பையும் வீலையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டும், பக்கத்தில் இருக்கும் அச்சுக் கிண்ணமும் அந்தச் சூட்டில் கெடும். தாத்தாவின் ஹப்புக்கு அதைச் செய்யாதீர்கள்.

சரியான வழி, இடமரைப் படியோடு செய்த ஹப்பை வாங்குவது. இன்று இந்தியாவிலேயே கிடைக்கிறது. ஒருபக்கம் ஃபிக்ஸட் மரை, மறுபக்கம் ஃப்ரீவீல் மரை என்று இருபக்கமும் பயன்படும் ஹப்பாக இருந்தால் இன்னும் நல்லது. வீலைத் திருப்பிப் போட்டால் ஃப்ரீவீல் வண்டியாகிவிடும். ஆனால் தாத்தாவின் வண்டியில் இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. உங்கள் பின்வீலில் ஸ்போக்ஸ் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், 40 இருக்கும். முன்வீலில் 32. பழைய ஆங்கிலேய ரோட்ஸ்டரின் கணக்கு அது, நம் ஊரில் இன்றுவரை தொடர்கிறது. பின்னால் மூட்டை ஏற்றிப் போகிற வண்டிக்குப் பின்வீல் பலமாக இருக்க வேண்டும் என்ற நியாயமான கணக்குதான். கடையில் கிடைக்கும் ஃபிக்ஸட் ஹப்களில் துளை 32 அல்லது 36 இருக்கும். 40 துளை ரிம்மோடு அவை சேராது.

ஹப்போடு ரிம்மையும் மாற்றி 700சி வீலாகவே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். உங்கள் 28 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், 700சி-யில் 622. வீல் கொஞ்சம் சிறிதாவது பெரிய விஷயமில்லை, ஆனால் பிரேக் போய்விடும். கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை. ரிம்மின் உட்புற வளைவை, ஸ்போக்ஸ் இருக்கும் பக்கத்திலிருந்து மேல்நோக்கி அழுத்துகின்றன. அதற்கென்றே வளைத்த ரிம் அது. 700சி ரிம்மில் அந்தக் கட்டைகளுக்குப் பிடிமானம் இல்லை. முன்னால் ஒரு பிரேக், பின்னால் கால் என்று மிஞ்சும். அந்த முன்பிரேக்கும் இரும்பு ரிம்மில் பிடிப்பது. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் எவ்வளவு தாமதமாகப் பிடிக்கும் என்பது ஐப்பசியில் ஒரு முறை ஓட்டினாலே தெரியும்.

அதனால் தாத்தாவின் வண்டியை அது இருக்கும்படியே ஓட்டுங்கள். ஃபிக்ஸடுக்குப் பழைய வண்டி ஒன்றைத் தனியாகத் தேடுங்கள். இரும்பு ஃபிரேம், இரண்டு பக்கமும் கேபிள் பிரேக், பின் அச்சு முன்னும் பின்னும் நகரும்படி நீளவாட்டுப் பள்ளம், இந்த மூன்றும் இருந்தால் போதும். பள்ளம் செங்குத்தாகக் கீழ்நோக்கி இருக்கும் கியர் வண்டி வேண்டாம். அச்சை இழுத்துச் செயினை இறுக்க வழியில்லாதபோது ஸ்பிரிங் வைத்த இழுப்பானைப் போடுவார்கள். ஃபிக்ஸடில் அது உதவாது; பின்னோக்கித் தடுக்கும்போது செயினின் கீழ்ப்பக்கம்தான் விறைக்கும், அந்த விசை இழுப்பானை மடக்கி உடைத்துவிடும். வாங்கும் முன் பின் ஃபோர்க்கின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஃபிக்ஸட் ஹப் பெரும்பாலும் 120 மில்லிமீட்டர் அகலம். சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை வாஷரால் சரிக்கட்டலாம்.

மாட்டும் வேலையில் அவசரம் கூடாது. ஹப் மரையையும் பல்சக்கர மரையையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவுங்கள்; இடமரைப் பூட்டு இருக்கும்போது கிரீஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பின்னொரு நாள் கழற்ற அதுதான் உதவும். பல்சக்கரம் முதல் மூன்று, நான்கு சுற்று வெறும் கையால் ஏற வேண்டும். கை மறுத்தால் ஸ்பானரை எடுக்காதீர்கள். கழற்றிப் பார்த்து மீண்டும் நேராக வையுங்கள். அப்போதும் மறுத்தால் அளவு வேறு. பிரெஞ்சு ஹப்களின் மரை 34.7 மில்லிமீட்டர், பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் நம் பல்சக்கரம் அதில் சரியாக உட்காராது, மரைதான் கெடும். பிறகு செயின் விப்பால் பலமாக இறுக்குங்கள். அது இல்லையென்றால், பழைய செயின் துண்டைப் பட்டைக் கம்பியில் ரிவெட் அடித்து எந்தப் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். லாக்ரிங்கை அதற்கான கொக்கி ஸ்பானரால் இறுக்க வேண்டும். உளியை வைத்துத் தட்டினால் காதுகள் மழுங்கி அடுத்த முறை பிடிக்கவே இடம் இருக்காது. மாட்டியதும் ஒரு மேடு ஏறி இறங்கிவிட்டு வந்து லாக்ரிங்கை மறுபடி இறுக்குங்கள். மிதியில் பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும், அந்த இடைவெளியை மூட வேண்டும். இதை மட்டும் யாரும் செய்வதில்லை, எனக்குத் தெரிந்து லாக்ரிங் இருந்தும் கழன்ற வீல்களில் பாதிக்கு மேல் இதனால்தான்.

செயின் வீலும் பல்சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று நீளமான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கோணலாக ஓடும் செயின் ஃப்ரீவீல் வண்டியில் சத்தம் மட்டும் போடும்; ஃபிக்ஸடில் விழுந்துவிடும். தொய்வும் அப்படித்தான். நடுவில் விரலால் தூக்கி அழுத்தினால் மொத்தம் அரை அங்குலத்துக்குள் ஆட வேண்டும். செயின் வீல் முழு வட்டமாக இருப்பது அபூர்வம், ஆகவே கிராங்கை மெல்லச் சுற்றிச் செயின் எங்கே அதிகமாக விறைக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் இந்த அளவை வையுங்கள். அச்சுக்கு நட்டு போட்ட கனமான கம்பியே நல்லது. நெம்புகோல் வைத்துச் சட்டென்று கழற்றும் வகை, பின்னோக்கிய இழுப்பில் நழுவக்கூடும்.

இவ்வளவு சொல்லியும் தாத்தாவின் வண்டியிலேயே அந்த ஓட்டத்தை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினால், அரைகுறையாகச் செய்வதைவிட நிபந்தனைகளோடு செய்யுங்கள். பசையும் ரிங்கும் போட்ட ஏற்பாட்டை ஓட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்; நிறுத்துவதற்கு எப்போதும் கைப்பிரேக். கம்பி பிரேக் இரண்டிலும் புதுக் கட்டைகள் போட்டு, கம்பி மூட்டுகளில் ஆட்டம் எடுத்திருக்க வேண்டும். மரையில் ஒரு துளி எண்ணெய்கூட இருக்கக் கூடாது. அந்தப் பசை காற்றில்லாத இடுக்கில், உலோகத்தைத் தொட்டு இறுகுவது. பிசுக்கு இருந்தால் பிடிக்காது. முழுப் பலம் வர 24 மணி நேரம் விடுங்கள். பிறகு ஹப்பிலிருந்து பல்சக்கரத்துக்கும் ரிங்குக்கும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் அந்தக் கோட்டைப் பாருங்கள். மயிரிழை விலகியிருந்தாலும் அன்றே கழற்றி ஃப்ரீவீலைப் போட்டுவிடுங்கள். பின்வீலைப் பூட்டிச் சறுக்கி நிறுத்துவது, மலை இறங்குவது இரண்டும் இதில் கிடையவே கிடையாது.

காட்டர் பின்னையும் மறக்காதீர்கள். ஃப்ரீவீல் வண்டியில் அதன்மேல் விசை எப்போதும் ஒரு பக்கமாகவே விழும். ஃபிக்ஸடில் முன்னும் பின்னும் மாறி மாறி விழும். பின்னின் தட்டைப் பக்கம் அடி வாங்கி நசுங்கும், கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் டொக் என்று ஆடும். அந்த ஆட்டத்தோடு ஓட்டினால் அச்சின் பள்ளமே தேய்ந்துவிடும். புதுப் பின் போட்டு, 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்குங்கள்.

பிரேக் இல்லாத சைக்கிள் எங்கே அழகு என்றால், வெலோட்ரோம் என்னும் சைக்கிள் பந்தயத் தடத்தில். 1948-இல் ஜப்பானின் கோகுராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்திலும், 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் கட்டிய 250 மீட்டர் மரத்தளத்திலும் பிரேக் இல்லாத ஃபிக்ஸட்தான் ஓடும். அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்கே யாரும் வருவதில்லை. முன்னால் இருப்பவர் சட்டென்று பிரேக் அடித்தால்தான் அங்கே ஆபத்து, ஆகவே யாரிடமும் பிரேக் இல்லாததே எல்லோருக்கும் பாதுகாப்பு. சேலம் ஐந்து ரோட்டில் அந்த நியாயம் செல்லாது. பிரிட்டனில் 1983-இன் சைக்கிள் விதிகள், ஃபிக்ஸடாக இருந்தாலும் முன்சக்கரத்துக்கு பிரேக் கட்டாயம் என்கின்றன. பாஸ்டன் அருகே ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தபடி, 2008-இல் இறக்கும் வரை உலகத்துக்கே ஃபிக்ஸட் கற்றுக்கொடுத்த ஷெல்டன் பிரவுன், அந்த ஓட்டத்தின்மேல் தீராத காதல் கொண்டவர். அவரும் சாலையில் ஓடும் ஃபிக்ஸடுக்கு முன்பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்றுதான் எழுதினார்.

ஏன் முன்பிரேக் என்றால், நிற்கும்போது எடை முன்னால் சாய்கிறது. பின்டயர் லேசாகிப் பிடிமானம் இழக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், உலர்ந்த சாலையில், நல்ல முன்பிரேக் உங்களை ஏறத்தாழ 5 மீட்டரில் நிறுத்திவிடும். பின்வீலை மட்டும் தடுத்தால் 10 மீட்டர் ஆகும். உங்கள் கால் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஓட்டப் பழகும்போது காலி மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள். நாம் சின்ன வயதிலிருந்து ஏறுகிற மாதிரி, இடதுகாலைப் பெடலில் வைத்துத் தத்திக்கொண்டே போய் வலதுகாலைத் தூக்கிப் போடுவது ஃபிக்ஸடில் நடக்காது. வண்டி நகர்ந்தால் அந்தப் பெடல் உங்கள் காலையும் தூக்கிக்கொண்டு சுற்றும். நின்ற இடத்தில் ஏறி உட்கார்ந்துதான் கிளம்ப வேண்டும். மிதிப்பதை நிறுத்தும் பழக்கம் கால்களில் ஊறியிருக்கும். மறந்துபோய் நிறுத்தினால் பெடல் உங்களைச் சீட்டிலிருந்து எழுப்பிவிடும். வளைவில் சாய்ந்தால் உள்பக்கப் பெடல் தரையில் முட்டலாம். டபுள்ஸ் வேண்டவே வேண்டாம். ஏற்காடு ஏறுங்கள், தாராளமாக. இறங்கும்போது வீலைத் திருப்பி ஃப்ரீவீல் பக்கம் போட்டுக்கொண்டு இறங்குங்கள். 44-க்கு 18-இல் ஒரு சுற்றுக்கு வண்டி 5.4 மீட்டர் போகும். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 124 சுற்று உங்கள் கால் சுற்ற வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பழகாத கால் அதைத் தாங்காது.

இன்னும் மூன்று விஷயம் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வேட்டி, பேண்ட் அடி, துப்பட்டா எது செயினில் சிக்கினாலும் ஃப்ரீவீல் வண்டியில் காலை நிறுத்தினால் செயினும் நின்றுவிடும். ஃபிக்ஸடில் வண்டி நிற்கும் வரை அது இழுத்துக்கொண்டே போகும். ஆகவே செயின் கவர் இருக்கட்டும், இல்லையென்றால் பேண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். வீலைச் சுற்றிவிட்டுத் துணியால் செயினைத் துடைக்கும் பழக்கம் இருந்தால், ஃபிக்ஸடில் அதை அடியோடு விட்டுவிடுங்கள். துணியோடு விரலும் பல்லுக்குள் போனால், சுற்றுகிற வீல் நிற்காது, விரல் துண்டாகிவிடும். சின்னப் பிள்ளைகள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பெடலைச் சுற்றி விளையாடுவார்கள். ஃபிக்ஸடை அவர்கள் கைக்கு எட்டாமல் நிறுத்துங்கள்.

கடை அண்ணனிடம், வெல்டிங்குக்குப் பதிலாகத் தாத்தாவின் ஃப்ரீவீலைக் கழற்றாமலே வண்டியை வலப்பக்கம் மேலே வரும்படி படுக்கவைத்து, இரண்டு உடல்களுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பிறகு தையல் மிஷின் எண்ணெய் நான்கைந்து சொட்டு விடச் சொல்லுங்கள். பல வருடம் திண்ணையில் கிடந்ததால் நாக்குகள் ஒட்டியிருக்கும். வீலைக் கையால் முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே விட்டால், கரகரப்பு போய், டிக் டிக் தெளிவாகக் கேட்க ஆரம்பிக்கும்.